கேள்விக்கு நேரம் ஒதுக்கிய கருத்தரங்கு: திட்டமிடுவது முதல் நடத்தி முடிப்பது வரை

"நேரமின்மை காரணமாகக் கேள்வி நேரத்தைத் தவிர்க்கிறோம், மன்னிக்கவும்." கருத்தரங்குகளுக்குப் போய்வரும் பழக்கமுள்ள யாரும் இந்த அறிவிப்பைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. நான் பொறுப்பேற்று நடத்திய முதல் கருத்தரங்கில் அதை மேடையேறிச் சொன்னவன் நானேதான். எங்கே தவறினோம் என்று அன்று இரவு ஒரு தாளில் கூட்டிப் பார்த்தேன். மொத்தம் 180 நிமிடங்கள். நான்கு பேச்சாளர்களுக்கு ஆளுக்கு 30 நிமிடம் என்று 120. வரவேற்புரை 10, தலைமையுரை 15, இடைவேளை 15, நன்றியுரை 5. கேள்விகளுக்கென்று மிச்சமிருந்தது 15 நிமிடம். நாங்கள் தொடங்கியதே 20 நிமிடம் தாமதமாக. நான்கு பேரும் தலைக்கு ஐந்து நிமிடம் கூடுதலாகப் பேசினார்கள். விவாதம் நிகழ்ச்சி நிரலில்தான் இருந்தது, கணக்கில் அது தொடக்கத்திலேயே கிடையாது.

செமினார் என்ற சொல்லுக்கு மூலமான லத்தீன் சொல் செமினாரியம். அதன் பொருள் நாற்றங்கால். 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பழைய நூல்களைப் படிப்பதற்கென இந்தப் பெயரில் ஒரு வகுப்பு தொடங்கியது. 19ஆம் நூற்றாண்டில் பெர்லினில் வரலாற்றாசிரியர் ராங்கே தம் மாணவர்களை மூல ஆவணங்களோடு உட்காரவைத்தார். இரண்டிலுமே மாணவர் சும்மா கேட்டுக்கொண்டிருப்பவர் அல்லர். ஆவணத்தைக் கையில் எடுத்துத் தாமே வாதாட வேண்டும். இந்த வழிகாட்டியில் நான் சொல்லப்போவதெல்லாம் ஒரே இடத்தைத்தான் சுற்றிவரும்: வந்தவர்கள் பேசுவதற்கான நேரத்தை முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைப் பேச்சாளர்களுக்குக் கொடுங்கள்.

தலைப்பு வேண்டாம், கேள்வி வேண்டும்

"நீர் மேலாண்மை: சவால்களும் தீர்வுகளும்" என்று அறிவித்தால் யார் வேண்டுமானாலும் வரலாம், எதை வேண்டுமானாலும் பேசலாம். அதனாலேயே அது பயனற்றது. "மழைநீர்த் தொட்டி கட்டிய குடியிருப்புகள் இரண்டாம் ஆண்டிலேயே அதைத் தூர்வாராமல் விட்டுவிடுவது ஏன்?" என்று கேட்டுப் பாருங்கள். யாரை அழைக்க வேண்டும் என்பது உடனே தெரிந்துவிடுகிறது. பேச்சாளரும் பழைய உரையைத் தூசி தட்டி எடுத்து வர முடியாது.

நல்ல கேள்வியை அறிய ஒரு சோதனை உண்டு. விஷயம் தெரிந்த இரண்டு பேரிடம் தனித்தனியே கேளுங்கள். இருவரும் ஒரே பதிலைச் சொன்னால் அது கருத்தரங்குக்குரிய கேள்வி அல்ல, ஒரு துண்டறிக்கை போதும். பதில் வேறுபட்டால், அதுவும் இருவரும் சற்றுச் சூடானால், உங்களுக்குக் கேள்வி கிடைத்துவிட்டது.

நடத்தப்போவது உண்மையில் கருத்தரங்குதானா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே முடிவு செய்யுங்கள். ஒருவர் பேசப் பலர் கேட்பது சொற்பொழிவு. கைவேலையாக ஒன்றைக் கற்றுக்கொண்டு போவது பயிலரங்கு. தீராத ஒரு கேள்வியைச் சுற்றிப் பலர் பேசுவது கருத்தரங்கு. மூன்றுமே நல்லவைதான். பெயர் ஒன்று, நடப்பது வேறொன்று என்றால்தான் வந்தவர்கள் எரிச்சலோடு திரும்புகிறார்கள்.

எத்தனை பேர்

பதினைந்து பேர் என்றால் எல்லோரும் பேசலாம். நாற்பது பேர் என்றால் குழுக்களாகப் பிரித்தால் எல்லோரும் பேசலாம். நூறைத் தாண்டினால் பெரும்பாலோர் பார்வையாளர்களாகிவிடுவார்கள். என்ன உத்தி செய்தாலும் அதில் பெரிய மாற்றம் வராது. அரங்கம் நிறைய வேண்டும் என்ற ஆசையில் சம்பந்தமில்லாதவர்களை அழைத்து வந்து நிரப்புவது நம் காலில் நாமே கல்லைப் போட்டுக்கொள்வது. நான் முப்பதிலிருந்து ஐம்பதுக்குள் வைத்துக்கொள்வேன்.

நேரத்தைப் பங்கிடுவது

அரைநாள் கருத்தரங்குக்கு நான் இப்போது போடும் நிரல் இது. அதே 180 நிமிடங்கள்தான்.

வரவேற்பும் கேள்வியை முன்வைப்பதும்: 5 நிமிடம்
முதல் பேச்சாளர்: 20
அவருக்கான கேள்விகள்: 15
இரண்டாம் பேச்சாளர்: 20
அவருக்கான கேள்விகள்: 15
இடைவேளை: 20
சிறு குழுக்களில் விவாதம்: 30
மூன்றாம் பேச்சாளர், குழுக்கள் சொன்னதற்கு எதிர்வினையாக: 15
பொது விவாதம்: 30
நன்றியும் அடுத்து என்ன என்பதும்: 5
உதிரி: 5

பேச்சாளர்களுக்கு 55 நிமிடம், வந்தவர்களுக்கு 90 நிமிடம். தலைமையுரை இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். மரியாதைக்காக ஒருவருக்குத் தலைமை கொடுத்தே ஆக வேண்டிய நெருக்கடி எல்லா அமைப்புகளிலும் உண்டு. அப்படியானால் அந்த 5 நிமிட வரவேற்பை அவரிடமே ஒப்படையுங்கள். ஆறாவது நிமிடத்தில் முதல் பேச்சாளர் தொடங்குவார் என்று முன்கூட்டியே, எழுத்திலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்விகளையெல்லாம் கடைசிக்குத் தள்ளிவைக்கக் கூடாது என்பதும் முக்கியம். முதல் பேச்சைக் கேட்டபோது எழுந்த கேள்வி, மூன்றாம் பேச்சு முடியும்போது கேட்டவருக்கே மறந்துபோயிருக்கும்.

பேச்சாளர்களைத் தேர்வதும் தயார்செய்வதும்

ஒரு நிகழ்ச்சிக்கு மூன்று பேர் போதும். மூவரும் ஒரே துறையில் ஒரே படிப்புப் படித்தவர்களாக இருந்தால் ஒருவர் சொன்னதை மற்றவர் வழிமொழிவதோடு முடிந்துவிடும். மழைநீர்த் தொட்டிக் கேள்விக்கு ஒரு நீர்ப் பொறியாளர், தொட்டிகளில் உண்மையாகவே இறங்கித் தூர்வாரும் ஒருவர், பராமரிப்புக்குப் பணம் திரட்ட முடியாமல் தவிக்கும் குடியிருப்புச் சங்கச் செயலாளர் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொறியாளர் வடிவமைப்பைக் குறை சொல்வார். தூர்வாருபவர், மூடி இரண்டடி அகலம்கூட இல்லாததால் உள்ளே இறங்கவே முடியவில்லை என்பார். செயலாளர் ரசீதுப் புத்தகத்தை எடுத்துக் காட்டுவார். விவாதம் அங்கே தானாகப் பிறக்கும்.

மேடைப் பழக்கம் இல்லாதவர்களை அழைக்கப் பலர் தயங்குகிறார்கள். அவர்களை உரையாற்றச் சொல்லாமல், நெறியாளர் கேட்கக் கேட்க அவர் பதில் சொல்வதாக அந்த 20 நிமிடத்தை அமையுங்கள். கையில் தாளோடு திணறுகிற அதே மனிதர், "நீங்கள் கடைசியாக இறங்கிய தொட்டியைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் மடைதிறந்தாற்போல் பேசுவார்.

அழைப்பு நிகழ்ச்சிக்கு ஆறு முதல் எட்டு வாரத்துக்கு முன்பே போய்விட வேண்டும். முதலில் தொலைபேசி, பிறகு கடிதம். கடிதத்தில் நாள், இடம், பயணச் செலவு, மதிப்பூதியம் உண்டா இல்லையா என்பதெல்லாம் தெளிவாக இருக்கட்டும். பணம் பற்றிய பேச்சை நாசூக்குக் கருதி விட்டுவிட்டால் பின்னால் இருபக்கமும் மனக்கசப்பு. இவற்றோடு நான் தவறாமல் சேர்க்கும் பத்தி ஒன்று உண்டு:

"தங்களுக்கான நேரம் 20 நிமிடம். 15ஆம் நிமிடத்தில் முன்வரிசையிலிருந்து ஓர் அட்டை காட்டப்படும். 20ஆம் நிமிடத்தில் நெறியாளர் எழுந்து நிற்பார். வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்தத் துறையில் ஐந்தாண்டுக்கும் மேல் வேலை செய்தவர்கள். அடிப்படைகளை விளக்கத் தேவையில்லை. தாங்களே இன்னும் விடை காணாத ஒரு கேள்வியோடு உரையை முடித்தால் மகிழ்வோம்."

கடைசி வாக்கியம் சிறியதுதான், ஆனால் அதன் பலன் பெரிது. முடிவுகளை அடுக்கிவிட்டு நன்றி சொல்லி அமர்கிறவரிடம் கேட்க ஒன்றும் தோன்றாது. "இதை மட்டும் என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை" என்று சொல்லி நிறுத்துகிறவரை அவை விடாது.

பத்து நாளைக்கு முன் மூவரையும் சேர்த்து ஒரு முறை, அரைமணி நேரம், இணையவழியில் பேசவையுங்கள். யார் எதைச் சொல்லப்போகிறார் என்று தெரிந்தால் சொன்னதையே சொல்வது குறையும். இந்த அரைமணியை நான் தவிர்த்த ஒவ்வொரு முறையும் வருந்தியிருக்கிறேன்.

அரங்கம்

படத்தைப் பார்த்து அரங்கத்தைத் தேர்வு செய்யாதீர்கள். நேரில் போங்கள், அதுவும் நிகழ்ச்சி நடக்கப்போகும் அதே நேரத்தில். காலையில் அழகாக இருந்த மேற்கு ஜன்னல், மாலை நான்கு மணிக்குத் திரை முழுவதையும் வெளுக்கவைத்துவிடும். ஜன்னலுக்குத் திரைச்சீலை இருக்கிறதா, மின்செருகிகள் எங்கே, குளிர்சாதனத்தின் இரைச்சல் எவ்வளவு, சக்கர நாற்காலியில் வருகிறவர் மேடைவரை போக முடியுமா, கழிப்பறை எவ்வளவு தூரம் என்று பாருங்கள். அரங்கப் பொறுப்பாளரின் அலுவலக எண்ணைவிட, அன்று சாவி வைத்திருக்கப்போகிறவரின் எண்தான் உங்களுக்குத் தேவை.

நாற்காலிகளை எப்படிப் போடுகிறீர்கள் என்பதிலேயே பாதி விவாதம் தீர்மானமாகிவிடுகிறது. வரிசை வரிசையாகப் போட்டால் எல்லோரும் முன்னால் இருப்பவரின் பிடரியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முப்பது பேர்வரை லாட வடிவம் நல்லது. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும். அதற்கு மேல் என்றால் ஆறு பேர் சுற்றி உட்காரும் மேசைகள். நாற்காலிகள் தரையோடு பொருத்தப்பட்ட அரங்கம் எவ்வளவு வசதியாக இருந்தாலும் கருத்தரங்குக்கு நான் எடுப்பதில்லை. வருவார்கள் என்று எதிர்பார்ப்பதைவிடப் பத்து நாற்காலி குறைவாகவே போட்டு, மீதியை ஓரமாக அடுக்கிவையுங்கள். ஆட்கள் வர வர நாற்காலி போடுவது நல்ல காட்சி, காலி வரிசைகள் அப்படி அல்ல.

மைக் மூன்று வேண்டும்: மேடைக்கு ஒன்று, அவைக்குள் சுற்றிவரக் கம்பியில்லா மைக் இரண்டு. "எனக்குக் குரல் போதும், மைக் வேண்டாம்" என்பவரிடமும் கொடுங்கள். பின்வரிசையில் காது சற்று மந்தமானவர் ஒருவர் எப்போதும் இருப்பார், அவர் கை தூக்கிச் சொல்லவும் மாட்டார். மைக்கோடு ஒலிபெருக்கிக்கு முன்னால் போனால் வீறிடும் என்பதால், சுற்றிவரும் பாதையை முந்தின நாளே நடந்து பாருங்கள்.

ஸ்லைடுகளுக்கு ஒரே ஒரு விதி சொல்வேன். மடிக்கணினியில் ஸ்லைடைத் திறந்துவைத்து ஐந்தடி தள்ளி நில்லுங்கள். படிக்க முடியாத எழுத்து கடைசி வரிசைக்கும் தெரியாது. எல்லோருடைய ஸ்லைடுகளையும் முந்தின நாளே வாங்கி ஒரே கணினியில் ஏற்றிவிடுங்கள். தமிழ் எழுத்துருக்கள் கணினி மாறினால் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கும். ஆகவே பி.டி.எஃப். பிரதி ஒன்றையும் வாங்கிவைப்பது நல்லது.

அறிவிப்பும் பதிவும்

நான்கு வாரத்துக்கு முன் அறிவிப்பு, ஒரு வாரத்துக்கு முன் நினைவூட்டல், முந்தின நாள் மாலை இன்னொன்று. கட்டணமில்லாத நிகழ்ச்சிக்குப் பதிவு செய்தவர்களில் கணிசமானோர் வரமாட்டார்கள். அதைக் கோபித்துக்கொள்ளாமல் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பதிவுப் படிவத்தில் பெயரும் தொடர்பு எண்ணும் கேட்பதோடு ஒரு கேள்வியும் வையுங்கள்: "இந்த விஷயத்தில் உங்களைக் குடைந்துகொண்டிருக்கும் ஒன்று எது?" அந்தப் பதில்களை அச்செடுத்து நெறியாளரிடம் கொடுங்கள். அவருடைய கையில் இருக்கும் மிகச் சிறந்த ஆயுதம் அதுதான்.

நெறியாளர்

அழகாகப் பேசுகிறவரை நெறியாளராக்குவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. நன்றாகக் கேட்கத் தெரிந்தவரும், மூத்தவரைக்கூட முகம் சுளிக்காமல் நிறுத்தத் தெரிந்தவரும்தான் இந்த வேலைக்குத் தேவை. பேச்சாளர் அறிமுகம் ஒரு நிமிடம், அதாவது நான்கு வாக்கியம். வாங்கிய பட்டங்களையும் விருதுகளையும் தாளில் அச்சிட்டுக் கொடுத்துவிடலாம். இந்தக் கேள்விக்கு ஏன் இவரை அழைத்தோம் என்பதை மட்டும் வாயால் சொன்னால் போதும்.

நேரம் தாண்டுகிறவரை நிறுத்துவது ஒரு கலை. அட்டை காட்டியும் பயனில்லை என்றால் நெறியாளர் எழுந்து நிற்க வேண்டும். அதுவும் பலிக்காவிட்டால் பேச்சாளருக்குப் பக்கத்தில் நடந்துபோக வேண்டும். மூச்சு வாங்க அவர் நிறுத்தும் இடத்தில், "நீங்கள் இப்போது சொன்ன இந்தப் புள்ளியிலிருந்தே அவையைக் கேட்கத் தொடங்குகிறேன்" என்று உள்ளே புகுந்தால் அவரும் வெட்டுப்பட்டதாக உணரமாட்டார். இதை ஒருமுறை, முதல் பேச்சாளரிடமே செய்துவிட்டால் அடுத்தவர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வார்கள். முதலாமவருக்குச் சலுகை கொடுத்துவிட்டு மூன்றாமவரிடம் கண்டிப்புக் காட்டுவது அநியாயம்.

"கேள்விகள் இருந்தால் கேட்கலாம்" என்றவுடன் ஓர் அமைதி விழும். பெரும்பாலான நெறியாளர்கள் அந்த அமைதியைத் தாங்க முடியாமல் தாங்களே பேசத் தொடங்கிவிடுகிறார்கள். அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைகளைக் கவனித்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருந்தது தெரிந்தது. அதை மூன்று விநாடியாக நீட்டியபோது பதில்கள் நீண்டன, பேசும் மாணவர்களும் கூடினார்கள். பெரியவர்கள் கூடிய அவைக்கு இன்னும் அதிகம் தேவை. மனத்துக்குள் பத்துவரை எண்ணுங்கள். ஏழில் யாராவது கை தூக்கிவிடுவார்.

அமைதியை உடைக்க இன்னொரு நல்ல வழி, அமெரிக்கக் கல்வியாளர் ஃபிராங்க் லைமன் 1981இல் வகுப்பறைகளுக்காக வகுத்த முறை: ஒரு நிமிடம் தனியே யோசிப்பது, இரண்டு நிமிடம் பக்கத்தவரோடு பேசுவது, பிறகு அவையில் சொல்வது. கூச்சமுள்ளவர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்த பிறகு மைக்கை வாங்கத் தயங்குவதில்லை. மூன்றே நிமிடச் செலவு.

யாருக்கு முதலில் மைக்கைக் கொடுக்கிறோம் என்பதும் அற்ப விஷயமல்ல. 10 நாடுகளில் 35 கல்வி நிறுவனங்களின் 247 ஆய்வரங்குகளைக் கவனித்த ஆய்வு ஒன்று 2018இல் வெளியானது. அவையில் இருந்த எண்ணிக்கைக்கு ஏற்றபடி பெண்கள் கேள்வி கேட்கவில்லை என்பதோடு, முதல் கேள்வி ஓர் ஆணிடமிருந்து வந்தபோது அந்த இடைவெளி மேலும் விரிந்ததையும் அது கண்டது. எனவே முதலில் தூக்கிய கைக்கே முதல் வாய்ப்பு என்ற விதியை விட்டுவிடுங்கள். நான்கைந்து கைகள் எழும்வரை காத்திருந்து அவற்றிலிருந்து தேர்ந்தெடுங்கள். முன்வரிசைப் பெரியவர்களிடம் போகாமல் பின்வரிசையிலிருந்து தொடங்குங்கள்.

இனி, கேள்வி என்று எழுந்து சொற்பொழிவாற்றுகிறவர். எந்த அவையிலும் இவர் ஒருவர் தப்பாமல் இருப்பார். மைக்கை அவர் கையில் கொடுக்காமல் தொண்டரே பிடித்துக்கொண்டிருப்பது பாதி மருந்து. தொடக்கத்திலேயே "ஒருவருக்கு ஒரு நிமிடம், வாக்கியம் கேள்விக்குறியில் முடிய வேண்டும்" என்று சிரித்தபடி சொல்லிவைப்பது மீதி மருந்து. அப்படியும் மீறினால், "உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்" என்று அவர் சொன்னதை ஒரே வரியில் சுருக்கிப் பேச்சாளரிடம் திருப்பிவிடுங்கள். அவரை அவமானப்படுத்தவே கூடாது. அடுத்துப் பேச நினைத்த பத்துப் பேர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சிறு குழு விவாதத்துக்கு ஆறு பேருக்கு மேல் வேண்டாம். "இதைப் பற்றி விவாதியுங்கள்" என்று விட்டால் முதல் பத்து நிமிடம் அறிமுகத்திலேயே கரைந்துபோகும். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு தாளும் ஒரு வேலையும் கொடுங்கள்: "தொட்டி தூர்வாரப்படாததற்கு உங்கள் மேசை ஏற்கும் முதன்மையான காரணம் ஒன்றை மட்டும் எழுதுங்கள். உடன்படாதவர் இருந்தால் அவர் பெயரையும் எழுதுங்கள்." ஒன்றை மட்டும் தேர வேண்டும் என்ற கட்டாயம்தான் வாக்குவாதத்தைக் கிளப்புகிறது. பொது விவாதத்தில் நெறியாளர் அந்த உடன்படாதவர்களை முதலில் பேசச் சொன்னால், எட்டு மேசைகளும் எழுந்து ஒரே மாதிரி அறிக்கை வாசிக்கும் சடங்கிலிருந்து எல்லோரும் தப்பிக்கலாம்.

இணையவழியும் நேரும் கலந்தால்

முடிந்தால் கலக்காதீர்கள். கலந்தே ஆக வேண்டும் என்றால், திரையில் இருப்பவர்களுக்காக மட்டும் ஒருவரை அரங்கத்தில் உட்காரவையுங்கள். அவர் எழுதி வரும் கேள்விகளைப் படிப்பார். ஒலி கேட்கவில்லை என்றால் கை தூக்குவார். அவைக்குள் கேட்கப்படும் ஒவ்வொரு கேள்வியும் மைக் வழியாகவே வர வேண்டும், இல்லாவிட்டால் இணையத்தில் இருப்பவர்களுக்குப் பதில் மட்டும்தான் கேட்கும். முழுக்க இணையவழி என்றால் மூன்று மணி நேரம் வைக்காமல் 90 நிமிடத்தில் முடித்துவிடுங்கள்.

அன்று

இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். பொறுப்புகளைப் பெயர் போட்டு ஒரு தாளில் எழுதி எல்லோருக்கும் கொடுங்கள்: வாசலில் யார், மைக்குக்கு யார், கணினிக்கு யார், அட்டை காட்ட யார், பேச்சாளர்களை அழைத்து வர யார். ஒருங்கிணைப்பாளராகிய உங்களுக்கு எந்தப் பொறுப்பும் எழுதாதீர்கள். பேச்சாளர் ஒருவர் போக்குவரத்தில் மாட்டிக்கொண்டதாகச் செய்தி வரும்போது வெறுங்கையோடு இருக்கிற ஒருவர் தேவைப்படும்.

சொன்ன நேரத்துக்குத் தொடங்குங்கள், பன்னிரண்டு பேரே வந்திருந்தாலும். தாமதமாக வருகிறவர்களுக்காகக் காத்திருப்பது, நேரத்துக்கு வந்தவர்களைத் தண்டிப்பது. இடைவேளை முடிவதற்கு மூன்று நிமிடம் முன்பே ஒரு மணி அடியுங்கள். அந்த 20 நிமிடத்தில் கிளம்பிய பேச்சுதான் பல சமயம் மேடையில் நடந்ததைவிட நன்றாக இருக்கும். அதைத் திடீரென்று வெட்டினால் ஆட்கள் நகரவே மாட்டார்கள்.

ஒருவர் முழு நேரமும் குறிப்பெடுக்க வேண்டும். பேச்சுகளைப் பதிவு செய்துகொள்ளலாம் என்பதால் (பேச்சாளர்களிடம் முன்கூட்டியே சம்மதம் வாங்கிக்கொண்டு) அவர் எழுத வேண்டியது கேள்விகளை மட்டும். யார் கேட்டார், பதில் கிடைத்ததா, இல்லையா.

முடிந்த பிறகு

கருத்துப் படிவம் மூன்று கேள்விக்கு மேல் போனால் யாரும் நிரப்பமாட்டார்கள். "எந்தப் பகுதியில் உங்கள் கவனம் சிதறியது?", "நீங்கள் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டது எது?", "அடுத்த முறை யாரை அழைக்க வேண்டும்?" என்று கேட்டால் உருப்படியான பதில் வரும். "நிகழ்ச்சி எப்படி இருந்தது?" என்று கேட்டால் எல்லோரும் மரியாதைக்கு "மிக நன்று" என்று எழுதிவிட்டுப் போவார்கள். படிவத்தை அரங்கத்திலேயே, கடைசி 5 நிமிடத்தில் வாங்கிவிடுங்கள்.

அன்று மாலையே பேச்சாளர்களுக்கு நன்றிக் கடிதம். பயணச் செலவு அந்த வாரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். குழுவோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து நிரலில் எழுதிய நேரத்தையும் உண்மையில் ஆன நேரத்தையும் அடுத்தடுத்த இரண்டு பத்திகளாக எழுதிவையுங்கள். அடுத்த நிரலைப் போடும்போது முதலில் எடுக்க வேண்டிய தாள் அது.

பதில் கிடைக்காத கேள்விகளின் பட்டியலைத் தட்டெழுதி மூன்று பேச்சாளர்களுக்கும் அனுப்புங்கள், பத்து நாளில் எழுத முடியுமா என்று கேட்டு. மூவரில் ஒருவராவது எழுதுவார். அதை வந்தவர்கள் எல்லோருக்கும் அனுப்பும்போது, கேள்வி கேட்டவரின் பெயரையும் அவர் சம்மதத்தோடு மேலே போடுங்கள்.